சட்டைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி: முதன்முறை வாங்குவோருக்கு

கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகளில், புதிதாக வருபவரின் கண் முதலில் போவது ஆகச் சிறியதன் மேல்தான். கையில் வாங்கிப் பார்ப்பார். “செல்பேசி அளவுதான் இருக்கிறது” என்பார். விலையும் மற்றவற்றைவிடக் குறைவாக இருக்கும். அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

என்னுடன் சுடுதளத்துக்கு வந்த நண்பரும் அப்படித்தான் ருகர் எல்சிபி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அதன் எடை ஏறத்தாழ 270 கிராம். ஐந்தாவது தோட்டா வெடித்ததும் அதை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைத் தேய்த்துக்கொண்டார். “என்ன அண்ணா, முன்னால் சுட்டால் பின்னால் அடிக்கிறது?” ஏழு கஜத்தில் தொங்கிய தாளில் நான்கு ஓட்டைகள், நான்கும் நான்கு திசையில். ஐந்தாவது தாளைத் தொடவே இல்லை. பிறகு கிளாக் 19ஐக் கொடுத்தேன். தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் காலியாக இருக்கும்போது அது 670 கிராம். பத்துத் தோட்டாக்களும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அவர் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த கேள்வி: “இதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைகண்ணிக்கு எப்படிப் போவது?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே துப்பாக்கி பதில் சொல்ல வேண்டும். எனவே என் ஆலோசனை, தினமும் உடலில் வைத்துக்கொள்ளக்கூடியவற்றில் ஆகப் பெரியதை வாங்குங்கள் என்பதுதான். அந்த எல்லை எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே படிப்படியாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வசிக்கும், இதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத தமிழர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஊரில் நாம் பார்த்த துப்பாக்கியெல்லாம் வங்கிக் காவலாளியின் தோளில் தொங்கியதுதானே.

முதல் படி: உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

கடைக்குப் போகும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். “என் பணத்தில், உன் பெயரில் வாங்கிக் கொடு” என்று குடியுரிமை உள்ள நண்பரைக் கேட்பது இருவரையும் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று நேரடியாகவே கேட்கிறது.

கைத்துப்பாக்கியை உங்கள் சொந்த மாநிலத்தில்தான் கையில் பெற முடியும். பக்கத்து மாநிலத்தில் மலிவாகக் கிடைத்தாலும், உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவருக்கு அதை அனுப்பச் செய்து அவர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

வாங்குவது வேறு, மறைத்து எடுத்துச் செல்வது வேறு. 2024 முடிவில் 29 மாநிலங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்ல இடம் கொடுத்திருந்தன. கலிபோர்னியாவும் இல்லினாயும் அப்படியல்ல. அங்கே 16 மணி நேர வகுப்பு முடித்து உரிமம் பெற வேண்டும். ஒரு மாநிலத்தின் உரிமம் இன்னொரு மாநிலத்தில் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. கார் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது சட்டமும் மாறிவிடுகிறது. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவற்றில் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. 13 தோட்டா கொள்ளும் என்ற விளம்பரத்தைப் பார்த்து அங்கே இருப்பவர் மயங்கிப் பயனில்லை. கூட்டாட்சி அலுவலகங்கள், நீதிமன்றங்கள், பள்ளிகள் போன்ற இடங்களுக்குத் தனித் தடைகள் உண்டு. தினமும் போய்வரும் இடங்களில் பாதி தடை செய்யப்பட்ட இடங்கள் என்றால், கழற்றிப் பூட்டிவைக்கும் பெட்டி ஒன்று காரிலும் தேவைப்படும்.

எடை என்ன செய்கிறது

தோட்டா முன்னோக்கிப் பாயும்போது அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் அது இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும். உள்ளங்கையில் இறங்கும் ஆற்றலும் இரண்டு மடங்காகும். பள்ளியில் படித்த இயற்பியல்தான். நண்பரின் கட்டைவிரல் அடியில் அது நிரூபணமானது.

வலி மட்டும் பிரச்சினையில்லை. வலிக்கும் துப்பாக்கியை யாரும் பழகுவதில்லை. வாரம் ஒரு பெட்டி சுடலாம் என்று தொடங்கியவர் மாதம் ஒரு மேகசின் என்று குறைத்து, பிறகு அலமாரியில் வைத்துவிடுவார். அடுத்த அதிர்ச்சியை எதிர்பார்த்து, விசையை (டிரிகரை) இழுக்கும் கணத்திலேயே கை தானாகக் கீழே அழுத்தும் பழக்கமும் வந்துவிடும். இது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் நீக்கப் பல மாதங்கள் ஆகும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை காலித் துப்பாக்கியின் எடை என்பதையும் கவனியுங்கள். சிக் பி365 என்ற சிறிய பிஸ்டல் வெற்று மேகசினோடு ஏறக்குறைய 500 கிராம். ஒரு 9 மி.மீ. தோட்டா சுமார் 12 கிராம் என்றால், மேகசினில் பத்து, குழலில் ஒன்று எனப் பதினொன்றை நிரப்பியதும் 630 கிராமைத் தாண்டிவிடும். இடுப்பு உணரும் எடை அதுதான்.

ரிவால்வரா, பிஸ்டலா

“ரிவால்வர் எளிது, பெண்களுக்கு அதுவே நல்லது” என்று கடைக்காரர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் உண்மை. புரிந்துகொள்வது எளிது. பிஸ்டலில் இருப்பதுபோல் பின்னால் இழுத்துவிடும் மேல்பகுதியான ஸ்லைடு இல்லை, மேகசின் இல்லை. உருளையைத் திறந்தால் ஐந்து துளைகள், ஐந்து தோட்டாக்கள். ஆனால் சுடுவது எளிதல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டகம் என்பதால் அரைக் கிலோகூட இல்லை. அதன் விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்குப் பலம் தர வேண்டும். தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பலம் கொடுத்து, ஒரு விரலால், நீளமாக இழுக்கும்போது முனை ஆடாமல் இருக்க வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கே அது சோதனை.

இருந்தும் அதற்கு ஓர் இடம் உண்டு. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. பாக்கெட்டிலிருந்து வழுவழுவென்று வெளியே வரும். கைப்பிடி உருண்டையாக இருப்பதால் துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியாது. ஸ்லைடை இழுக்கவே முடியாத அளவுக்கு மணிக்கட்டில் வாதம் உள்ளவர்களில் சிலருக்கு, விரலில் பலம் இருந்தால், இது ஒத்துவரும். ஆனால் ஆக எடை குறைந்த ரிவால்வர்களில் ஒரு கோளாறு: உதைப்பின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் ஈயமுனை உறையிலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்து உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிடக்கூடும். நான்கு தோட்டாக்களைச் சுட்டுவிட்டு ஐந்தாவதை வெளியே எடுத்து, புதிய தோட்டாவின் பக்கத்தில் நிற்கவைத்துப் பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்த வகைத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

மற்றபடி பெரும்பாலானவர்களுக்குச் சிறிய 9 மி.மீ. பிஸ்டல்தான் என் பரிந்துரை. 2018இல் பி365 வந்தபோது, ஒற்றை வரிசை மேகசின் கொண்ட பிஸ்டலின் பருமனில் 10 தோட்டாக்களை அடைத்துக் காட்டியது. அதற்கு முன் 2015இல் வந்த கிளாக் 43 ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் 6 தோட்டாதான். 2019இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட்டும், பின்னர் 2021இல் ஷீல்டு பிளஸ்ஸும் வந்து சேர்ந்தன. இவற்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கையைக் கேட்க வேண்டும்.

தோட்டாவின் அளவு

இதைப் பற்றிய வாதங்களில் மாலைப் பொழுதுகள் கரைந்துபோகும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். அதன் பிறகு அந்த அமைப்பு சோதனை முறையை வகுத்தது: உடல் தசையை ஒத்த ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும். இன்றைய நல்ல 9 மி.மீ. தோட்டாக்கள் இதைத் தாண்டுகின்றன. .380 என்ற தோட்டாவும் அதே விட்டம்தான், ஆனால் உறை குட்டை, வெடிமருந்து குறைவு. குண்டு விரிந்தால் ஆழம் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை என்ற இழுபறி அதில் அடிக்கடி தெரிகிறது. ஆனால் 9 மி.மீட்டரில் தவறவிடுபவர் .380இல் குறியில் அடிக்கிறார் என்றால், எனக்கு .380காரரைத்தான் பிடிக்கும். .22 தோட்டா பழகுவதற்குத் தங்கம். விளிம்பில் தீப்பொறி வாங்கும் அமைப்பு என்பதால் வெடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல், ஆகவே தற்காப்புக்கு அது என் கடைசித் தேர்வு.

கடையில், கையில்

விற்பனையாளர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து காட்டித்தான் கொடுப்பார். அவர் பார்த்தது போதாது. நீங்களும் சேம்பருக்குள், அதாவது சுடப்போகும் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதிக்குள், எட்டிப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியதாகவே கருதப்பட வேண்டும். முனை ஆளை நோக்கக் கூடாது. குறியைப் பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்கும் கடைக்கும் பொருந்தும், படுக்கையறைக்கும் பொருந்தும். விசையை வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் அனுமதி கேளுங்கள்.

பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் தொங்குகிறதா? சிறிய பிஸ்டல்களில் பெரும்பாலும் தொங்கும். அந்த ஒரு விரல் பிடிக்க இடமில்லாததால்தான் கை ஒவ்வொரு முறையும் நழுவுகிறது. அடிப்பகுதி நீண்ட மேகசின் கிடைக்குமா என்று கேளுங்கள். அரை அங்குலம் கூடினாலே வித்தியாசம் தெரியும். பிடியை மாற்றாமல் ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவின் நடுப்பகுதி விசையின் மேல் படுகிறதா என்றும் பாருங்கள். விரலை நீட்டித்தான் தொட முடிகிறது என்றால் துப்பாக்கி உங்களுக்குப் பெரியது.

ஸ்லைடை இழுப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். சிறிய பிஸ்டலின் சுருள்வில் பெரியதைவிட விறைப்பாக இருக்கும். எடை குறைந்த ஸ்லைடை அதுதானே கட்டுப்படுத்த வேண்டும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுத்தால் வராது. உள்ளங்கை முழுவதையும் மேலிருந்து கவித்துப் பிடியுங்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். இழுப்பதற்குப் பதிலாக, பிடித்திருக்கும் கையை முன்னோக்கித் தள்ளுங்கள். தேங்காய் துருவுகிற கைக்கு இந்தப் பலம் தாராளமாக உண்டு, முறைதான் தெரிவதில்லை. ஒரு எச்சரிக்கை: பலம் போதாதபோது உடல் தானாகப் பக்கவாட்டில் திரும்பும், துப்பாக்கியின் முனை பக்கத்தில் நிற்பவரை நோக்கும். கால்களையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு, முனை முன்னோக்கியே இருக்கும்படி செய்யுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால், இதற்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் கொண்டுவந்த ஷீல்டு இ.இசட். வகையைக் கேளுங்கள். அளவில் கொஞ்சம் பெரியது, ஆனால் ஸ்லைடு வெண்ணெய்.

உறையை முதலில் பாருங்கள்

எல்லாரும் துப்பாக்கியை வாங்கிவிட்டு, பிறகு அதைச் செருகிக்கொள்ளும் உறையை (ஹோல்ஸ்டரை) தேடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கடையில் பிடித்துப்போன மாதிரிக்கு நல்ல உறை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல உறை என்றால், கெட்டியான பிளாஸ்டிக்கிலோ தடித்த தோலிலோ இருக்கும். விசைக்காப்பை முழுவதும் மூடும். துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்கும். நைந்துபோன துணி உறை மடங்கி உள்ளே போய், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது விசையில் மாட்டும். குளிர்ச் சட்டையின் கீழ்நாடா முடிச்சும் இப்படி மாட்டியிருக்கிறது. எடுப்பதில் வேகம் இருக்கலாம். திரும்பச் செருகும்போது அவசரமே இல்லை. குனிந்து கண்ணால் பார்த்துச் செருகுங்கள்.

பெல்ட் தளர்ந்திருந்தால் எந்த உறையும் தொங்கும். விறைப்பான பெல்ட்டுக்கு நாற்பது ஐம்பது டாலர் செலவழிக்க மனம் வராதவர்கள், அந்தக் குறையைச் சரிக்கட்ட இன்னும் சிறிய துப்பாக்கி வாங்குகிறார்கள். நானும் அப்படி ஒன்று வாங்கி, ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இடுப்புக்குள் வைக்கும்போது குழலின் நீளம் வெளியே தெரியாது, அது கால்சட்டைக்குள் போய்விடுகிறது. காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் நீளம். அதனால் குட்டைக் குழலுக்காக அலைவதைவிட, கைப்பிடி அளவான ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம். மெலிந்தவர்களுக்கு வலப்பக்க இடுப்புக்குச் சற்றுப் பின்னால் நன்றாக மறையும். கடிகாரத்தில் நான்கு மணி இடம். தொந்தி உள்ளவர்கள் முன்பக்கம் வைத்துக் காரில் உட்கார்ந்தால் வயிற்றைக் குத்தும். வீட்டில், காலியாக்கிய துப்பாக்கியோடு, கண்ணாடி முன் நின்று குனியுங்கள், மேல் அலமாரியை எட்டுங்கள், பிறகு காரில் அரை மணி நேரம் உட்காருங்கள். சட்டையைத் தளர்த்தி, கட்டம் போட்ட துணியாகத் தேர்ந்தெடுத்தால் மேடு தெரியாது.

பாக்கெட்டில் வைப்பதானால் அதற்கென்று உள்ள உறையோடு வையுங்கள். அதே பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ கூடாது. கைப்பையை நான் பரிந்துரைப்பதில்லை. கடையில் தள்ளுவண்டியில் வைத்துவிட்டுத் திரும்புகிற நேரத்தில் திருடன் வருவான். வீட்டில் அதைத் திறப்பது குழந்தையின் கை.

கடைசி மேகசின்

இப்போது இரண்டு மூன்று மாதிரிகள் மிச்சமிருக்கும். சுடுதளத்தில் வாடகைக்கு எடுங்கள். ஏழு கஜத்தில் ஒரு தட்டு அளவு வட்டம், ஒவ்வொன்றிலும் 50 தோட்டாக்கள். முதல் மேகசினின் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி மேகசினுக்குப் புதிய தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய துப்பாக்கிகளில் முதல் தாள் எல்லாருக்கும் சுமாராக அமையும். ஐம்பதாவது தோட்டாவில்தான் கை உண்மையைச் சொல்லும். இரண்டு தாளும் ஒத்துப்போகும் துப்பாக்கிதான் உங்களுடையது. நண்பரின் கடைசித் தாள் பி365இல் முதல் தாளைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் வாங்கினார், எல்சிபியைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

ஸ்லைடு பாதியில் நின்றாலோ சுட்ட தோட்டாவின் வெற்றுறை சிக்கிக்கொண்டாலோ உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். எடை குறைந்த பிஸ்டலில் மணிக்கட்டு தளர்ந்தால், ஸ்லைடு பின்னோக்கி ஓட வேண்டிய வேகத்தைக் கை தின்றுவிடுகிறது. இறுக்கிப் பிடித்து மறுபடி சுடுங்கள். அப்போதும் சிக்கினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

வாங்கிய பிறகு

முதல் 200 தோட்டாக்களைச் சுடும் வரை அதை நம்பி வெளியே போகாதீர்கள். அதில் குறைந்தது ஐம்பது, நீங்கள் தினமும் வைத்துக்கொள்ளப் போகும் குழிமுனை (ஹாலோ பாயிண்ட்) தோட்டாக்களாக இருக்கட்டும். சாதாரணப் பயிற்சித் தோட்டாவைச் சீராக விழுங்கும் பிஸ்டல் குழிமுனையில் திணறுவது உண்டு. நியூ ஜெர்சியில் குழிமுனைத் தோட்டாக்களை எடுத்துச் செல்வதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பொத்தான் உள்ளது, இல்லாதது என ஒரே மாதிரி இரண்டு வகையில் கிடைக்கும். எதை எடுத்தாலும் சரி. பொத்தான் உள்ளதை எடுத்தால், ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் தள்ளிப் பழகியே ஆக வேண்டும்.

சிறிய பிஸ்டலுக்கு 300 முதல் 600 டாலர் ஆகும். அதே அளவு தொகையைத் தோட்டாவுக்கும் ஒரு நல்ல வகுப்புக்கும் எடுத்து வையுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் உடலில் இல்லாத நேரமெல்லாம் பூட்டிய பெட்டிக்குள். குழந்தை இல்லாத வீடும் இதற்கு விலக்கில்லை. விருந்தினரின் குழந்தை வராமலா இருக்கும்? விரைவாகத் திறக்கும் எண்பூட்டுப் பெட்டிகள் கிடைக்கின்றன. அதைச் சுவரிலோ மரச்சட்டத்திலோ திருகி இறுக்குங்கள். இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான்.

மாதம் ஒருமுறை எல்லாத் தோட்டாவையும் இறக்கி, சேம்பர் காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடலோடு ஒட்டிக் கிடக்கும் துப்பாக்கியில் வியர்வை உப்பும் துணிப் பஞ்சும் சேரும். பாக்கெட்டில் வைப்பவர்களின் குழல் வாயில் பஞ்சு அடைத்தே இருக்கும். பழைய பல் தூரிகை ஒன்று போதும், பிறகு ஒரு சொட்டு எண்ணெய். சேம்பரில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் அந்த ஒரே தோட்டாவின் முனை உறைக்குள் அழுந்தியிருக்கிறதா என்று மற்றதோடு வைத்துப் பாருங்கள். அழுந்தியிருந்தால் அதை ஒதுக்கிவைத்து, புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.